பிக் மதர்

'அவ வேறை அம்மா. நீங்கள் மூண்டு கிழமை லீவு தந்து அனுப்பினீங்களே, அது அவவுக்கு. இப்ப ஆஸ்பத்திரியில கிடக்கிறது மற்ற அம்மா. இதை நான் எந்த இங்கிலீசில சொல்ல?'

கஜானி மனதுக்குள்தான் கேட்டுக்கொண்டாள். அந்தக் கண்ணாடி அறையில் மூன்று பேர் இருந்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் மேலாளர் மெலனி, இந்தப் பக்கம் கஜானி, கதவோரம் கையில் காப்பிக் குவளையோடு ஹென்ரிக். வேறு ஏதோ கேட்க வந்தவர் அவர். வந்த இடத்தில் காதில் விழுந்ததைக் கேட்டு ஒரு வாக்கியம் சொன்னார்.

"கஜானியின் தாயா? அவர் இறந்துவிட்டாரே. ஆறு வருடம் இருக்கும். நான்தானே விடுமுறை கொடுத்தேன்."

கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. மழை பெய்கிறதே என்று சொல்வதுபோலத்தான் சொன்னார். ஆனால் அதற்குச் சற்று முன்புதான் மெலனி கதிரையை விட்டு எழுந்து வந்து கஜானியைக் கட்டிப்பிடித்து, "போ, உடனே போ, அம்மாவைப் பார்" என்று சொல்லியிருந்தாள். அந்த அணைப்பின் சூடு தோளில் இன்னும் இருந்தது. இப்போது மெலனி கஜானியையும் ஹென்ரிக்கையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஜானி?" என்றாள்.

மூன்றெழுத்துப் பெயரைக்கூட முழுதாகச் சொல்ல அவளுக்கு நேரம் இருந்ததில்லை. ஹென்ரிக் அப்படியில்லை. முதல் நாளே பெயரைக் கேட்டு, மூன்று தரம் சொல்லிப் பார்த்து, அன்றிலிருந்து பிழையில்லாமல் உச்சரிப்பவர். இங்கிலீசில் நீயும் இல்லை, நீங்களும் இல்லை. ஆனாலும் ஹென்ரிக் பேசினால் கஜானிக்கு 'நீங்கள்' என்று கேட்கும். மெலனி பேசினால் 'நீ' என்று கேட்கும். இரண்டுமே அவளுக்குப் பிடித்திருந்தது.

"நான் பிறகு வந்து சொல்லுறன், மேடம்" என்பதை எப்படியோ இங்கிலீசில் சொல்லிவிட்டு அவள் வெளியே வந்தாள்.

லிப்டுகளுக்கு உதிரிப்பாகம் வரவழைத்துக் கொடுக்கும் கம்பெனி அது. துபாயில் ஒரு கட்டடத்தின் பாதி மாடிதான் அலுவலகம். கஜானி சேர்ந்தபோது முதலாளிகள் டென்மார்க்காரர்கள், மேலாளர் ஹென்ரிக். சில வருடங்களுக்கு முன் அமெரிக்காவில் ஒஹாயோவில் இருந்த ஒரு கம்பெனி அதை வாங்கியது. மெலனி வந்து மேலாளர் ஆனாள். ஹென்ரிக் அவளுக்குக் கீழே போனார். கஜானி இருவருக்கும் பொதுவான செயலாளராக, நடுவில் போட்ட மேசையில், அப்படியே இருந்தாள்.

ஹென்ரிக்கின் காலத்தில் நாலு மணிக்குப் பிறகு யாராவது கணினிமுன் இருந்தால் அவர் பக்கத்தில் வந்து நிற்பார். "உங்களுக்கு வேலை அதிகமா, அல்லது நான் வேலையைச் சரியாகப் பிரித்துத் தரவில்லையா?" என்று கேட்பார். கணக்குப் பிரிவுச் செய்கு முகம்மது முதல் தரம் அதைக் கேட்டு நடுங்கிப்போனார். காயல்பட்டினத்து மனிதர், வளைகுடாவில் தலை நரைத்தவர். "தங்கச்சி, என்னைய வேலைய விட்டுத் தூக்கப்போறாரு போல. இப்புடியெல்லாம் மரியாதயா கேட்டா வேற என்னம்மா அர்த்தம்?" என்று கஜானியிடம் வந்து புலம்பினார். ஜூலை மாதம் வந்தால் ஹென்ரிக் இருக்கமாட்டார். கடலோரத்தில் ஒரு மரவீடு, அங்கே போன் எடுக்காது. 'நான் விடுமுறையில் இருக்கிறேன், உங்கள் கடிதத்தைப் படிக்கமாட்டேன்' என்று தானாகப் பதில் போகும். படிக்கமாட்டேன் என்று ஒரு மனிதர் வெட்கமில்லாமல் எழுதலாம் என்பதே கஜானிக்குப் புதுமையாக இருந்தது.

மெலனி விடியமுன் கடிதம் எழுதுகிறவள். மேசையில் வைத்தே சாப்பிடுவாள். வந்த நாள் முதல் லீவு எடுத்ததில்லை. எல்லோருடைய பிள்ளைகளின் பெயரும் அவளுக்குத் தெரியும். செய்கு முகம்மதின் மகள் ஹிஃப்ஸாவின் நிக்காஹ் வீடியோவைப் பார்த்து மூக்கைத் துடைத்தாள். பெருநாளன்று காலையில் அவருக்குப் போன் எடுத்து, "ஈத் முபாரக், அந்த கன்டெய்னர் ஜெபல் அலித் துறைமுகத்துக்கு வந்துவிட்டதா?" என்று ஒரே மூச்சில் கேட்டாள். அவர் இதை அலுவலகமெல்லாம் நடித்துக் காட்டினார்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இருவருக்கும் அடிக்கடி வாக்குவாதம் வரும். சண்டை இல்லை, விளையாட்டு.

"மெலனி, உங்கள் வீட்டுப் பல்கனியில் இருந்து கடல் தெரியும் என்றீர்கள். பகலில் எப்போது கடைசியாகப் பார்த்தீர்கள்?"

"உங்கள் நாட்டில் எல்லோரும் கடலைப் பார்த்துக்கொண்டு இருப்பதால்தான் எங்கள் நாட்டுக்காரர் உங்கள் கம்பெனியை வாங்கினார்கள், ஹென்ரிக்."

"வாழ்வதற்காக வேலை செய்கிறோம் நாங்கள்."

"வேலையை எடுத்துவிட்டால் நான் யாரென்று எனக்கே தெரியாது. அது தப்பா?"

பிறகு இருவரும் அவள் பக்கம் திரும்புவார்கள். ஹென்ரிக் கேட்பார்: "கஜானி, நீங்கள் சொல்லுங்கள், நீங்கள் யார் பக்கம்?"

"நான் பஸ் பக்கம், சேர்" என்று அவள் சொன்னாள் ஒருநாள். "சார்ஜாவுக்குப் போகிற ரோலா பஸ்ஸை விட்டால் அடுத்ததுக்கு வரிசை அல்நஹ்தா வரைக்கும் நிற்கும்." இருவரும் சிரித்துவிட்டார்கள். பின்னால் இருந்து செய்கு முகம்மது தமிழில் முணுமுணுத்தார்: "ஒருத்தர் வேலை செஞ்சே மௌத்தாவாரு. இன்னொருத்தர் லீவு எடுத்தே மௌத்தாவாரு. ரெண்டு பேருக்கும் லீவு எழுதி, ரெண்டு பேருக்கும் வேலையும் பாத்து, நாம எப்பம்மா மௌத்தாவுறது? அதுக்கும் நேரம் கேக்கணும்."

கஜானிக்கு உள்ளூர ஹென்ரிக்கின் பக்கம்தான் சாய்வு. அவர் ஒன்றும் கேட்கமாட்டார் என்பதுதான் காரணம். அவள் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் எல்லோரும் எல்லாவற்றையும் கேட்பார்கள். ஏன் ஒரு பிள்ளையோடை நிப்பாட்டினனீர், அவர் ஏன் தம்மாமில, நீர் ஏன் சார்ஜாவில. கேட்காத ஒரு மனிதரின் பக்கத்தில் வேலை செய்வது, நிழலில் கதிரை போட்டு இருப்பதுபோல.

அந்த நிழலில்தான் ஆறு வருடத்துக்கு முன் அந்தச் சொல் பிறந்தது.

பெரியம்மா செத்துப்போனா என்று ஊரிலிருந்து செய்தி வந்த காலை அது. கஜானி ஹென்ரிக்கின் முன் நின்றாள். பெரியம்மாவுக்கு இங்கிலீசில் என்ன என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆன்ரி. ஆனால் ரோலாவில் அவள் இருந்த கட்டடத்தில் மேல் மாடிக்காரி ஆன்ரி. பேக்கரியில் பணிஸ் தருகிறவள் ஆன்ரி. பள்ளிக்கூட வான் வண்டியில் பிள்ளைகளை ஏற்றிவிடுகிறவளும் ஆன்ரி. அந்தச் சொல்லை எடுத்து அவவின் மேல் போர்த்த அவளுக்கு மனம் வரவில்லை. "மை பிக் மதர்" என்றாள். "மை பிக் மதர் பாஸ்ட் எவே, சேர்."

ஹென்ரிக் எழுந்து நின்றார். அவளுடைய இங்கிலீசைத் திருத்துவது போலவோ, எப்படி நடந்தது என்று விசாரிப்பது போலவோ ஒன்றும் செய்யவில்லை. "உங்களுக்கு எவ்வளவு காலம் வேண்டும்?" என்று மட்டும் கேட்டார். முப்பத்தோராம் நாள் சடங்கு வரை என்று சொல்ல அவளுக்குத் துணிவு வரவில்லை, மூன்று கிழமை என்றாள். "போய் வாருங்கள். இங்கிருந்து யாரும் உங்களைக் கூப்பிடமாட்டார்கள்." யாரும் கூப்பிடவில்லை. திரும்பி வந்தபோது கஜானியின் தாய் இறந்துவிட்டா என்றே அலுவலகத்துக்குத் தெரிந்திருந்தது. அது பொய்யென்று அவளுக்கு ஒருநாளும் தோன்றவில்லை. ஆகவே திருத்தவேண்டும் என்றும் தோன்றவில்லை.

பெற்றவள் சுந்தரம்பாள். கஜானி பிறந்த கையோடு அவவுக்குக் காய்ச்சல் கண்டு எழும்ப முடியாமல் கிடக்க, பிள்ளையில்லாத தமக்கை வந்து, ஒரு மாதத்துக்கு நான் வைச்சிருக்கிறன் என்று குழந்தையைத் துவாயில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனா. இரண்டு ஒழுங்கை தள்ளி வீடு. மாதம் முடிந்தது. கொண்டுவந்து தா என்று தங்கை கேட்கவில்லை, இந்தா என்று தமக்கை நீட்டவும் இல்லை. கஜானி பேசத் தொடங்கியபோது எதிரில் இருந்தவளை அம்மா என்றாள். பெற்றவளை, மற்றப் பிள்ளைகள் சொல்லிக் கொடுத்தபடி, சின்னம்மா என்றாள். ஊருக்கு மட்டும் பழையபடி அவ பெரியம்மா, இவ அம்மா. வெளியாட்களிடம் சொல்லும்போது கஜானியும் ஊரின் கணக்கையே சொல்லிப் பழகிவிட்டாள்.

சின்னம்மாவின் வீட்டுக்குப் போனால் வரவேற்பு பலமாக இருக்கும். "வாங்கோ பிள்ளை, இருங்கோ, சாப்பிட்டீங்களோ?" பொரித்த மீனில் நடுத்துண்டு இவளுக்கு. அதே வாயால் தங்கச்சி சுகந்தாவை, "எடியே, எங்கையடி தொலைஞ்சனீ, வந்து கோப்பையைக் கழுவடி" என்று கத்துவா. சுகந்தாவுக்கு நடுத்துண்டின் மேல் பொறாமை. கஜானிக்கு அந்த 'எடியே'யின் மேல். அந்த வீட்டில் ஒரு நாளாவது கோப்பை கழுவச் சொல்லிப் பேச்சு வாங்க வேண்டும் என்று ஏழெட்டு வயதில் அவள் ஏங்கியிருக்கிறாள். கழுவப் போனால், "ஐயோ, நீங்கள் விடுங்கோ பிள்ளை" என்று பறித்துவிடுவா. கலியாணத்தில் மணவறையில் ஏறியதும் சின்னம்மாதான். பெரியம்மா தாலியறுத்தவள் என்று தூணோடு ஒதுங்கி நின்றா. கூப்பிட்டும் வரவில்லை. கஜானி அன்று முழுக்க யாரோடும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. கலியாணப் படங்களில் அவள் நித்திரைக் கலக்கத்தில் இருப்பவள்போல இருப்பாள்.

கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்தவளை ஹென்ரிக் தேநீர் போடும் சிற்றறையில் பிடித்துக்கொண்டார். பிடித்துக்கொண்டார் என்பதுகூடச் சரியில்லை, அவர் குவளையைக் கழுவ வந்தார். தண்ணீரைத் திறந்து, பிறகு மூடிவிட்டுத் திரும்பினார்.

"நான் உங்களுக்குப் பிரச்சினை உண்டாக்கிவிட்டேன். மன்னிக்க வேண்டும்."

"இல்லை, சேர்."

"யார் இறந்தது, கஜானி? அன்றைக்கு?"

இத்தனை வருடத்தில் அவளுடைய வீட்டைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி. "அம்மாவின் அக்கா. ஆனால் என்னை வளர்த்தது அவதான். எங்கட ஊரில..."

"ஆன்ரி" என்றார் ஹென்ரிக், அவருடைய மொழியில் தாயின் சகோதரிக்கு உள்ள தனிச்சொல்லால் இல்லை, இங்கிலீசால். குரலில் கோபம் இல்லை. அதுதான் கஷ்டம். "ஆன்ரி என்றே சொல்லியிருக்கலாம். ஆன்ரிக்கும் நான் அதே மூன்று வாரத்தைத் தந்திருப்பேன். நாய்க்குட்டி செத்துவிட்டது என்றிருந்தாலும் தந்திருப்பேன். உங்களுக்கு வேண்டும் என்று நீங்கள் சொன்னால் எனக்குப் போதும். அதனால்தான் நான் ஒன்றும் கேட்பதில்லை. கேட்காமல் இருக்க வேண்டுமென்றால், சொல்வது உண்மையாக இருக்க வேண்டும், இல்லையா?"

"நான் பொய் சொல்லவில்லை, சேர்."

அவர் அவளைப் பார்த்தார். நம்ப விரும்புகிற, ஆனால் வழி தெரியாத பார்வை. "சரி. அது உங்கள் சொந்த விஷயம்" என்றார். இதே வசனத்தைப் பல தரம் அவர் சொல்லியிருக்கிறார். முன்பெல்லாம் அது நிழலாக இருந்தது. இன்று கதவைச் சாத்துவதுபோல இருந்தது. அன்று வெள்ளிக்கிழமை, அரை நாள். பன்னிரண்டு மணிக்கு அவர் சைக்கிள் தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டு, எல்லோருக்கும் நல்ல வார இறுதி சொல்லிவிட்டுப் புறப்பட்டுப் போனார். அவளுக்கும் சொன்னார்.

சுகந்தாவின் போன் வந்தபோது கஜானி படிக்கட்டில் இருந்தாள். அலுவலகத்தில் அழுவதற்கு இருந்த ஒரே இடம் அது. லிப்ட் கம்பெனியில் ஒருவரும் படியால் நடப்பதில்லை.

"அக்கா, ரிக்கற் எடுத்தாச்சோ?"

"எடுக்கப் போறன். எப்பிடி இருக்கிறா?"

"வலப்பக்கம் அசைவில்லை. கதை குழறுது. டொக்டர் ஒண்டும் பிடிகுடுக்காமல் கதைக்கிறார், வரவேண்டிய ஆக்களை வரச்சொல்லுங்கோ எண்டு மட்டும் சொன்னவர். அக்கா, அவ உன்னையே கேட்டுக்கொண்டு கிடக்கிறா. நான் பீ மூத்திரம் அள்ளுறன், உன்ர பேரைத்தான் சொல்லுறா." சுகந்தா சிரிக்கப் பார்த்தாள், சரியாக வரவில்லை. "இந்தா, காதில வைக்கிறன். கதை."

மூச்சு கேட்டது. சேலை உரசுவதுபோன்ற மூச்சு. பிறகு, நாக்குத் தடித்த ஒரு குரல்.

"கசா... நீ வா."

கஜானி போனைக் காதோடு அழுத்திப் பிடித்தாள்.

"நீ... எப்ப வாறாய்?"

நாற்பத்து மூன்று வருடம் 'நீங்கள்' என்று தள்ளி உட்கார வைத்த வாய் அது. பாரிசவாதம் வந்து நாக்கை இழுத்ததில் மரியாதை விழுந்துவிட்டதா, அல்லது இத்தனை வருடமும் நாக்கைக் கட்டிவைத்திருந்த ஏதோ ஒன்று அவிழ்ந்துவிட்டதா? தமக்கைக்குக் கொடுத்த பிள்ளையை 'நீ' என்று கூப்பிட்டால், திருப்பிக் கேட்பதுபோல ஆகிவிடும் என்று பயந்துதான் அவ அப்படி இருந்தாவோ? இதைக் கேட்கவாவது போகவேண்டும். முகத்தைப் பார்த்துக் கேட்கவேண்டும். கேட்கமாட்டாள் என்பதும் அவளுக்குத் தெரியும். பக்கத்தில் இருந்து கையைப் பிடித்துக்கொண்டாலே போதும்.

"வாறன்" என்றாள். 'வாறன்' என்பதற்குப் பின்னால் ஒரு சொல் வரவேண்டும். சின்னம்மா என்றும் வரவில்லை, மற்றதும் வரவில்லை. வெறும் "வாறன்" என்றே இன்னொரு தரம் சொன்னாள்.

சவூதியில் தம்மாமில் வேலை செய்யும் கணவன் வினோஜனுக்குப் போன் எடுத்து நடந்ததைச் சொன்னாள். பின்னால் ஏதோ இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது, அவன் சைட்டில் நின்றான்.

"இதில யோசிக்க என்ன இருக்கு? அந்த மனுசி கேட்டால், ஆன்ரிதான் எண்டு சொல்லிப்போட்டு நீர் பிளேன் ஏறுமன்."

"பெரியம்மாவை என்ர அம்மா இல்லை எண்டு சொல்லவேண்டி வருமே."

"அவ மேல இருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறா? கேட்டாலும் சிரிப்பா. விசரி, போய் உன்ர தாயைப் பாரடி எண்டுதான் சொல்லுவா."

உண்மைதான். பெரியம்மா அப்படித்தான் சொல்லியிருப்பா. அவவின் குரலையே வினோஜன் பிடித்துவிட்டான். கஜானி சிரித்தாள், கண்ணைத் துடைத்தாள். ஆனால் பெரியம்மா ஒதுங்கி நிற்கச் சம்மதிப்பா என்பது அவளுக்குப் புதிதில்லை. அவ எல்லாவற்றுக்கும் ஒதுங்கினவ. மணவறைக்கு ஒதுங்கினா. பள்ளிக்கூடத்தில் தாயார் பெயர் என்று கேட்டபோது, "சுந்தரம்பாள் எண்டு எழுதுங்கோ" என்று அவவே சொல்லி, பிறகு வீடு வரும்வரை கையை விடாமல் பிடித்துக்கொண்டு நடந்தா. உள்ளங்கை வியர்த்து ஈரமாக இருந்தது. ஆறு வயதுப் பிள்ளைக்கு அது என்ன என்று விளங்கவில்லை. ஏதோ பிழை செய்துவிட்டோம் என்று மட்டும் நினைத்தது.

"கேக்குதே? லைனில இருக்கிறீரே?"

"ஓம். வைக்கிறன். நேரத்துக்குச் சாப்பிடுங்கோ."

செய்கு முகம்மது ஜும்ஆத் தொழுகை முடிந்து அவளுக்காகவே திரும்பி வந்திருந்தார். ரோலாவில் அவருக்குத் தெரிந்த டிராவல்ஸ்காரன் கொழும்பு விமானத்தில் ஓர் இடத்தைப் பிடித்து வைத்திருந்தான்.

"சாயந்தரம் வரைக்கும்தான் வச்சிருப்பானாம். எடுக்கச் சொல்லவா, தங்கச்சி?"

"எடுங்கோ, காக்கா" என்றாள். அண்ணன் முறையில் அவரை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"லீவு?"

அவள் கண்ணாடி அறையைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "எங்க சாச்சி, உம்மாவோட தங்கச்சி, என்னைய வளத்தவதான். அவளும் எனக்கு உம்மாதான். ஆனா இவங்ககிட்ட கேட்டா நான் ஆன்ட்டின்னுதான் சொல்லுவேன். இங்க சொல்றது இங்க இருக்கட்டும், மனசுல இருக்கறது மனசுல இருக்கட்டும்மா. வருஷக் கடைசி, ஆண்டு லீவும் கிடையாது. தாய், தகப்பன், புருஷன், புள்ள, இந்த நாலுக்குத்தான் விடுவாங்க. சொல்லாமப் போனா வேலை போயிரும். விசாவும்..."

"தெரியும், காக்கா. நீங்கள் ரிக்கற்றை எடுங்கோ."

செய்கு முகம்மதைத் தவிர எல்லோரும் போய்விட்டார்கள், கண்ணாடி அறையில் மெலனி மட்டும். ஒஹாயோவில் இன்னும் விடியவில்லை. ஐரோப்பா மத்தியானச் சாப்பாட்டுக்கு எழும்பிப் போயிருந்தது. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு பின்னேரம், ஒருவரும் கடிதம் அனுப்பாத கொஞ்ச நேரம், கஜானிக்கு எப்போதும் பிடித்த நேரம்.

"உட்கார், ஜானி." மெலனி தன் கதிரையை மேசையைச் சுற்றிக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டுக்கொண்டாள். முழங்கால்கள் இடிக்கும் நெருக்கம். "முதலில் சொல், அம்மா எப்படி?"

"அப்படியே இருக்கிறா, மேடம்."

"ஹென்ரிக் சொன்னது இருக்கட்டும். எனக்குக் கோபம் இல்லை. கேட்கிறாயா? கொஞ்சமும் இல்லை. நாங்கள் எல்லோரும் செய்வதுதான். எனக்குக் காய்ச்சல் என்று பொய் சொல்லி நான் எத்தனை தரம் அம்மாவைப் பார்க்கப் போயிருக்கிறேன்." சிரித்தாள். பிறகு அந்தச் சிரிப்பு அவள் முகத்தில் நிற்க இடமில்லாமல் போனது. "கடைசித் தரம் பொய் சொல்லவில்லை. அன்றைக்கு நான் ஆஸ்பத்திரியில்தான் நின்றேன். கீழே, கார் நிறுத்துமிடத்தில், காருக்குள் இருந்து ஒரு வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டிருந்தேன். நல்ல வியாபாரம். பேசி முடித்துவிட்டு மேலே போனேன். தாதி விரிப்பை மடித்துக்கொண்டிருந்தாள்." கஜானியின் கையைப் பிடித்தாள். "உனக்கு அது நடக்க நான் விடமாட்டேன்."

கஜானி அந்தக் கையைப் பார்த்தாள். மோதிரம் இல்லாத, நகம் கடித்த கை. இவள் கேட்கிறாள், கேட்டுக் கேட்டு உள்ளே வருகிறாள், வந்த இடத்தில் தன்னுடையதையும் கொட்டிவிடுகிறாள். இவளிடம் சொல்லிப் பார்க்கலாம் என்று தோன்றியது. சொன்னாள். காய்ச்சல், துவாய், ஒரு மாதம், இரண்டு ஒழுங்கை. இங்கிலீசில் சொல்லும்போது அது வேறு யாருடைய கதையோ போலச் சின்னதாகிவிட்டது.

மெலனியின் கண் நிறைந்துவிட்டது. "ஐயோ, ஜானி. எவ்வளவு அழகான விஷயம். அப்படியானால் தத்தெடுத்தார்கள். பத்திரம் ஏதும் இருக்கிறதா?"

"பத்திரம் இல்லை, மேடம். ஒரு மாதத்துக்கு என்றுதான் கொண்டுபோனா."

"சரி." மெலனி யோசித்தாள். "பத்திரம் இல்லையென்றால் இரண்டு தாய் என்று ஒஹாயோவுக்கு என்னால் விளங்கப்படுத்த முடியாது. பழைய லீவுப் பதிவில் உன் தாய் இறந்ததாகவே இருக்கிறது, அவர்கள் என்னை மாதிரி இல்லை. ஆனால் வழி இருக்கிறது, நான் செய்து வைத்திருக்கிறேன்." கணினியை அவள் பக்கம் திருப்பினாள். "உன் பெயரிலிருந்து போகவேண்டும். ஒரு வரிதான். அவர்கள் எழும்பியதும் பார்ப்பார்கள், நான் உடனே போன் எடுத்து முடித்துவிடுவேன். போனவர் ஆன்ரி, தவறுதலாகச் சொன்னேன், மன்னியுங்கள். முடிந்தது. யாரும் இனி இதைப் பற்றிப் பேசமாட்டார்கள். புதிதாகத் தொடங்கலாம். போகும்போது லாப்டாப்பைக் கொண்டுபோ, முடிந்தபோது பார்த்தால் போதும்."

கஜானி படித்தாள். 'முன்பு இறந்தவர் என் தாய் அல்ல. அவர் என் தாயின் சகோதரி. தவறான தகவல் தந்ததற்கு வருந்துகிறேன்.'

ஒவ்வொரு சொல்லும் சரிதான். ஊரே அப்படித்தான் சொன்னது. அவளும் அப்படித்தான் சொல்லி வந்தாள். அனுப்பினால் என்ன? பொய் சொன்னாள் என்று ஒருவர் வருத்தப்பட்டு ஒதுங்கிவிட்டார். பொய் சொன்னாய், பரவாயில்லை என்று இன்னொருத்தி அணைத்துக்கொள்கிறாள். இரண்டு பேருமே நல்லவர்கள். அவள் பொய் சொல்லவில்லை என்பதை வைத்துக்கொள்ள இரண்டு பேரிடமும் இடம் இல்லை.

அங்கே ஆஸ்பத்திரிக் கட்டிலில் பெற்றவள் 'நீ' என்று கூப்பிடுகிறா. அந்த 'நீ'க்குப் பதில் சொல்லப் போகிற வழியில், மற்றவளை இன்னொரு தரம் தூணோடு நிறுத்திவிட்டுப் போகவேண்டும். நிறுத்தினால் அவ நிற்பா. ஒன்றும் சொல்லமாட்டா. இந்த நாற்பது வருடத்தில் ஒருவர்கூட அவவைத் தாய் என்று ஓர் இடத்தில் பதியவில்லை. தற்செயலாக, யாரோ ஒரு டென்மார்க்காரரின் வாயில், ஒரு பிழையான இங்கிலீசால், அவ ஆறு வருடம் அம்மாவாக இருந்திருக்கிறா.

"இதை அழுத்தினால் போதும்" என்று மெலனி விரலால் காட்டினாள்.

கஜானி இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இதை நான் அனுப்பவில்லை, மேடம்."

"உன் சொல்லில் எழுது. உனக்குப் பிடித்த மாதிரி மாற்று."

"என்னுடைய சொல்லிலும் எழுதமாட்டேன்."

மெலனிக்கு விளங்கவில்லை. முகம் சிவந்தது. "ஜானி, நீ இதை அனுப்பாமல் போனால், வேலையை விட்டு ஓடினதாகத்தான் அவர்கள் எடுப்பார்கள். என் கையில் ஒன்றும் இல்லை. உனக்குத் தெரியும்தானே?"

"தெரியும், மேடம்."

"ஒரு வரி. ஒரே ஒரு வரி. உன் அம்மாவுக்காக."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் செய்கு முகம்மது போனில் யாருக்கோ அவளுடைய பாஸ்போர்ட்டில் உள்ள பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கஜானி கணினியை, அதில் எதுவும் அழுந்திவிடாதபடி ஓரத்தைப் பிடித்து, மெல்ல மெலனியின் பக்கம் திருப்பி வைத்தாள்.

"இல்லை, மேடம்" என்றாள்.